ட்ரையருக்குள் சப்பாத்து

ஸ்காபரோவில் நான் முதலில் குடியிருந்த பேஸ்மென்ற்றில் சூடு கூரையிலிருந்து வந்தது. மேல் வீட்டில் அப்படியில்லை. அங்கே ஒவ்வோர் அறையிலும் யன்னலுக்குக் கீழே, தரையில், கம்பிச் சட்டம் போட்ட ஒரு துவாரம் இருந்தது. கீழே ஃபேர்னஸ் உறுமத் தொடங்கியதும் வெதுவெதுப்பான காற்று அதன் வழியாகக் காலடிக்கு வரும். வீட்டுக்கார அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் ஈரப் பூட்ஸையும் கையுறைகளையும் அந்தத் துவாரத்தைச் சுற்றிப் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் எடுக்கும்போது எல்லாம் மொறுமொறுவென்று இருக்கும். எங்களுக்கு அந்தக் காற்றுக் குழாய்கள் தலைக்கு மேலே ஓடின. அவற்றின் வாய்களும் மேலேதான். சூடான காற்று தானாகக் கீழே இறங்காது என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். ஆகவே உச்சந்தலை சுட, உள்ளங்கால் விறைக்க நாலு பேர் அங்கே குடித்தனம் நடத்தினோம். நிலத்தில் கழற்றி வைத்த பூட்ஸ், கழற்றும்போது எவ்வளவு ஈரமோ அவ்வளவு ஈரத்தோடு விடியும்வரை கிடக்கும்.

பூட்ஸை நனைப்பது பனி என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கக்கூடும். மைனஸ் 20 பாகைக் குளிரில் விழுகிற பனி உலர்ந்தது. வாசலில் காலை இரண்டு தரம் தட்டினால் உதிர்ந்துவிடும். தொல்லை எல்லாம் சைபரை ஒட்டிய நாட்களில்தான். மாநகர சபையின் லொறிகள் இரவிரவாக வீதியில் உப்புக் கொட்டும். உப்புக் கரைந்த தண்ணீர் சைபருக்குக் கீழேயும் உறையாமல் நிற்கும் என்பதால் தெருவோரத்துப் பனியெல்லாம் சாம்பல் நிறக் கூழாகிவிடும். மார்க்கம் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில், நடைபாதைக் கல்லுக்குப் பக்கத்தில், அது தேங்கி நிற்கும். பார்வைக்குக் கெட்டியான பனி. நம்பிக் கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். சாரதிக்கும் அது தெரியும், ஆனால் அவர் பஸ்ஸை வேறெங்கே நிறுத்துவார்? பழகியவர்கள் படியிலிருந்து ஒரு பாய்ச்சல் பாய்வார்கள். மரக்கறிப் பையோடு இறங்கும் வயதான அம்மாமாருக்கு அந்த வித்தையும் இல்லை.

இந்த உப்புத் தண்ணீரில் இன்னொரு குணம் உண்டு. காய்ந்த பிறகு தோலின் மேல் வெள்ளைக் கோடாகத் தெரியும். அதை வினாகிரி கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டால் தோல் வரண்டு, மடியும் இடத்தில் வெடித்துவிடும். உள்ளே இறங்கிய உப்பு லேசில் போகாது. அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையில் நனைந்த சப்பாத்தை விடக் கூழில் நனைந்த சப்பாத்து காய நேரம் எடுக்கும்.

நேரம்தான் எங்களிடம் இல்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பின்னேரம் தொடங்கி நடுச்சாமம் வரை ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன். விடியப்புறம் நாலு மணிக்கு, வீட்டில் இருந்த இன்னொரு அண்ணையின் காரில் ஏறிப் பேப்பர் போடப் போவேன். கோப்பை கழுவும் இடத்தில் தரையெல்லாம் தண்ணீர். பேப்பர் போடும் வீட்டு வாசல்களில் பனி. இரண்டுக்கும் இடையில் உடம்பு படுத்திருக்கும் அந்தச் சில மணித்தியாலத்துக்குள் ஒரே சோடி பூட்ஸ் காய்ந்தாக வேண்டும். இரண்டாவது சோடி வாங்கலாமே என்று கேட்கலாம். ஒன்ராறியோவில் 1995 இல் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 6.85 டொலர் ஆக்கினார்கள். பிறகு ஒன்பது வருஷம் அதில் ஒரு சதம் ஏறவில்லை. கூடவே ஊருக்குக் காசு, வாடகை, வெளிநாடு வர ஏஜென்சிக்குப் பட்ட கடன். இரண்டாவது சோடி என்ற யோசனை அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

முதலில் பேப்பரைக் கசக்கி உள்ளே அடைத்தோம். பேப்பருக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. போட்டு மிஞ்சியது காரின் பின் சீற்றில் எப்போதும் கிடக்கும். தமிழ்க் கடை வாசலில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் வாரப் பத்திரிகைகளும் இருந்தன. செய்தித்தாள் நல்ல வேலைக்காரன்; தண்ணீரை உறிஞ்சும். மினுமினுக்கும் விளம்பரத் தாள்கள் எதற்கும் உதவாது. ஆனால் செய்தித்தாளை ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்க வேண்டும். அப்படி எழும்பி அடைக்கிறவன் எப்போது படுப்பது? ஒரு தரம் அடைத்துவிட்டு விட்டால், விடிய நாலு மணிக்கு நனைந்த பேப்பரைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துவிட்டு அதே ஈரத்துக்குள் காலை விட வேண்டும். நனைந்த மேசோடு மைனஸ் 15 பாகையில் நிற்கிறவனுக்கு முதலில் விரல் நோகும். பிறகு நோகாது. நோகாமல் விடுவதுதான் ஆபத்து என்று முன்னம் வந்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள்.

பேஸ்மென்ற்றில் எங்களுடைய குசினிக்கும் ஃபேர்னஸ் அறைக்கும் நடுவில் வோஷரும் ட்ரையரும் நின்றன. மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் அதையே பாவித்தோம். ஹைட்ரோ பில் வாடகைக்குள் அடக்கம் என்பதால் ட்ரையர் விஷயத்தில் அக்கா கண்ணாக இருந்தார். ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்று பெயர். அந்தப் பில் வரும் நாளில் அக்காவின் நடையே வேறு மாதிரி இருக்கும். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. வீட்டில் பெரும்பாலான சாமான்கள் 120 வோல்ற்றில் ஓட, ட்ரையருக்கு 240 வோல்ற், 30 அம்பியர் தனி இணைப்பு. சுவரில் அதன் பிளக் பொயின்ற் ஒரு கைப்பிடி அகலம் இருக்கும். ஏறக்குறைய ஐயாயிரம் வாட்டுக்குக் கம்பிச் சுருள் சிவக்கும். அந்தச் சுருளைத் தாண்டி வரும் காற்றை ஒரு விசிறி இழுத்து, சுழலும் தகரப் பீப்பாவுக்குள் விட்டு, பஞ்சு பிடிக்கும் வலை வழியாகக் குழாயில் வெளியே தள்ளும். குளிர் இரவில் ஸ்காபரோவின் ஒழுங்கைகளில் நடந்தால் வீட்டுச் சுவர்களிலிருந்து வெள்ளை ஆவி வருவதைக் காணலாம். உடுப்புக் கழுவும் சவர்க்கார வாசமும் கூடவே வரும். எந்த வீட்டில் இன்றைக்கு உடுப்புக் காய்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

பீப்பா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 50 தரம் சுழலும். உடுப்பென்றால் மேலே ஏறிச் சத்தமில்லாமல் விழும். ஒரு சோடி பூட்ஸ் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சனிக்கிழமை சாமத்தில் வீடு முழுக்க அறிந்தது. போட்டது எங்களோடு இருந்த பேக்கரித் தம்பி. முதல் உருளலிலேயே சுவர் அதிர்ந்தது. மேலே லைற் எரிந்தது. படியில் அக்காவின் செருப்புச் சத்தம்.

“தம்பியவை, கீழை ஆர் கதவை உடைக்கிறது?”

சப்பாத்து என்று சொன்னோம்.

“உடுப்புக் காயப் போடுற மிசினுக்கையோ? ஊரிலை என்ன, பாண் போறணைக்கையோ சப்பாத்துக் காயப் போட்டனீங்கள்?”

அக்கா கதவைத் திறந்ததும் பீப்பா நின்றது. கதவைத் திறந்தால் ஓட்டம் தானாக நிற்கும்படி அதில் ஒரு சிறிய சுவிச் உண்டு. கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கையை அவர் எங்களுக்கு விரலால் தொட்டுக் காட்டினார். பெற்றோல், எண்ணெய் பட்ட துணி போடக் கூடாது, ரப்பர், ரப்பர் நுரை கலந்த எதையும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். இப்படியான வாசகம் எல்லா ட்ரையரிலும் இருக்கும். பார்த்திருக்கிறோம், வாசித்ததில்லை. ரப்பர் நுரை சூடேறினால் உள்ளுக்குள்ளேயே சூட்டைச் சேர்த்து வைத்து, ட்ரையர் நின்ற பிறகுகூடப் பற்றிக்கொள்ளக்கூடும். சப்பாத்தில் அந்த நுரை எங்கே இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் தலையை ஆட்டினோம்.

எங்களோடு இருந்த நாலாவது ஆள் மொன்றியலில் இரண்டு மாரியைக் கழித்துவிட்டு ரொறன்ரோ வந்தவர். பனி பற்றி எங்களுக்கு அவர் வாக்கே வேதம். மொன்றியலில் விழும் பனியோடு ஒப்பிட்டால் இங்கே விழுவது வெறும் தூறல் என்பார். அவர் அடுத்த நாள் சத்தமில்லாத வழியைக் காட்டித் தந்தார். இரண்டு சப்பாத்தின் லேசையும் ஒன்றாக முடிந்து, முடிச்சைக் கதவின் மேல் விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டும். சப்பாத்தின் அடி கதவின் உட்புறத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், வாய் பீப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு லேசை இழுத்துப் பிடித்தபடி கதவைச் சாத்த வேண்டும். கதவு சரியாக மூடினால் சுவிச் அமரும், பீப்பா சுழலும், சப்பாத்து அசையாது. உள்ளே இரண்டு காய்ந்த துவாயைப் போட்டுவிட்டால் இன்னும் விசேஷம். ஈரத்தில் கொஞ்சத்தைத் துவாய் எடுத்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு சப்பாத்து நழுவி விழுந்தாலும் துவாயின் மேல் விழும். உள் அட்டையை முதலே கழற்றிவிட வேண்டும். நாக்கை வெளியே இழுத்து வாயை அகலத் திறந்து வைக்க வேண்டும். சூட்டுக் குமிழை ஆகக் குறைந்த இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

நான் கேட்டேன், சூடு கூட என்றால் கெதியில் காயாதோ என்று. அவர் சொன்ன பதிலை விட நல்ல விளக்கத்தை இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

“சூட்டிலை காயிறேல்லையடா, காத்திலை காயிறது. பெருவிரல் மூலைக்கை நிக்கிற காத்து ஏற்கனவே குடிச்சு நிறைஞ்சிட்டுது. அதை வெளியாலை எடு. புதுக் காத்தை விடு. மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்.”

முழு விஷயமும் இதுதான். சப்பாத்து என்பது ஒரு முனை அடைத்த குகை. ஈரம் இருப்பது அதன் ஆழத்தில். அங்கே காற்று அசைவதில்லை. அசையாத காற்று கொள்ளுமட்டும் ஈரத்தைக் கொண்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். மாரி காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று உதடு வெடிக்கிற அளவுக்கு வரட்சியானது. ஈரத்துக்கு ஏங்கிக்கொண்டு நிற்கும். அதைச் சப்பாத்தின் மூலைவரை கொண்டுபோய் விட்டாலே போதும். ட்ரையர் அதைச் செய்தது.

பேக்கரித் தம்பிக்கு இந்தப் பொறுமை கிடையாது. அவனுடைய ஓடும் சப்பாத்து மாவும் வெண்ணெயும் பட்டு ஊறியது. அதை ஒரு நாள் வோஷரில் போட்டுக் கழுவினான். கழுவியது பிழையில்லை. பிறகு மொன்றியல் அண்ணை சொன்ன மாதிரியே லேசைக் கதவில் மாட்டினான், ஆனால் சூட்டை உச்சத்தில் வைத்தான், நேரக் குமிழை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டான். சப்பாத்து காயத்தான் காய்ந்தது. முன்பக்கம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அடிப்பாகம் குதியில் பிரிந்து, நடுவில் பசை நூல் நூலாகத் தொங்கியது. காலை விட்டுப் பார்த்தான், போகவில்லை. பேஸ்மென்ற் முழுக்க ஒரு வாசம். பசை வாசம் என்று சொல்ல முடியாது, அதைவிடக் கொஞ்சம் இனிப்பு.

ஏன் அப்படி ஆனது என்பதை வெகுகாலம் கழித்து, ஒரு சப்பாத்துத் திருத்துகிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய சப்பாத்துகளைப் போல இப்போதைய ஓடும் சப்பாத்துகளின் அடியை யாரும் தைப்பதில்லை, ஒட்டுகிறார்கள். தொழிற்சாலையில் பசையைப் பூசி, காயவிட்டு, பிறகு 60 பாகை அளவுக்குச் சூடாக்குவார்கள். சூட்டில் பசை இளகி உயிர் பெறும், அப்போது அடியையும் மேலையும் வைத்து அழுத்துவார்கள். ட்ரையரின் உச்சச் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக, தொழிற்சாலை செய்த வேலையின் முற்பாதியை ட்ரையர் திரும்பச் செய்கிறது. பிற்பாதியான அழுத்துகிற வேலையைச் செய்ய அங்கே ஆள் இல்லை. குதிக்கடியில் இருக்கும் நுரைக்கும் அதே கதி. அது சிறு சிறு காற்றுக் குமிழிகளால் ஆனது. சூட்டில் சுருங்கினால் திரும்ப விரியாது. தோல் சப்பாத்தின் நியாயம் வேறு. ஈரத் தோல் காய்ந்த தோலை விடச் சூட்டுக்குப் பயந்தது. தண்ணீர் அவசரமாக வெளியேறும்போது தோலின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெகிழ்வு போய்விடும். பிறகு எவ்வளவு பொலிஷ் போட்டாலும் அது பழைய தோல் ஆகாது.

ஒழுங்கான மாரிப் பூட்ஸைச் செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. ரொறன்ரோவுக்கு மேற்கே, கிச்சனர் நகரத்தில் கோஃப்மன் என்றொரு கம்பனி இருந்தது. 1962 இல் அவர்கள் சொறெல் என்ற பூட்ஸைக் கொண்டுவந்தார்கள். கீழ்ப்பாதி ரப்பர், மேற்பாதி தோல், உள்ளே தடித்த கம்பளி உறை. அந்த உறையைத் தனியே உருவி எடுக்கலாம். அதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. குளிர் நாட்டில் பூட்ஸை நனைப்பது வெளித் தண்ணீர் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற காலும் நாள் முழுக்க வியர்க்கும். ரப்பர் அதை வெளியே விடாது. உறை குடித்துக்கொள்ளும். இரவில் உறையை உருவித் தொங்கவிட்டால் நாலு பக்கமும் காற்றுப் படும். குகை என்ற பிரச்சினையே இல்லாமல் போய்விடும். மொன்றியல் அண்ணையிடம் அப்படியான ஒரு சோடி இருந்தது, யாரோ பாவித்துக் கழித்தது. உறையை மாத்திரம் அவர் ட்ரையருக்குக் கிட்டவும் கொண்டுபோக மாட்டார். கம்பளி சூட்டிலும் உருளலிலும் சுருங்கி, பிள்ளைகள் போடுகிற அளவுக்கு வந்துவிடுமாம். கோஃப்மன் கம்பனி 2000 இல் முறிந்து போனது. சொறெல் என்ற பெயரை ஒரு அமெரிக்கக் கம்பனி வாங்கியது. பூட்ஸ் செய்த கட்டடத்தில் இப்போது சனம் குடியிருக்கிறது.

உடுப்புக் காயவைக்கும் மிசினையே பனிதான் உண்டாக்கியது என்று வாசித்திருக்கிறேன். அமெரிக்காவில் வட டகோட்டாவில் ஜே. றொஸ் மூர் என்றொருவர். மாரியில் தாய் வெளியே உடுப்புக் காயப்போட்டுப் படுகிற பாட்டைப் பார்த்து, கொட்டிலுக்குள் அடுப்பு வைத்து ஒரு பீப்பாவைச் சுழற்றிப் பார்த்தாராம். அவருடைய யோசனையை விஸ்கொன்சினில் இருந்த ஹமில்ரன் கம்பனி எடுத்து, 1938 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் ஜூன் டே, ஆனி மாதத்து நாள். கதவில் கண்ணாடி யன்னல் வைக்கச் சொன்னவர் புறூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர். உள்ளே நடப்பது தெரியாவிட்டால் வெறும் பெட்டியை யார் வாங்குவார்கள் என்பது அவர் வாதம். எங்கள் பேஸ்மென்ற் ட்ரையரில் கண்ணாடி இல்லை. இருந்திருந்தால் பேக்கரித் தம்பியின் சப்பாத்து தப்பியிருக்கலாம்.

1999 தை மாதம் ரொறன்ரோவில் இருந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். வருஷம் பிறந்த கையோடு தொடங்கிய பனிப்புயல் ஒன்று விட்டு ஒன்றாக வந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது. அள்ளிக் குவித்த பனியைப் போட இடமில்லாமல், நடைபாதையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மதில் எழும்பியது. பதின்மூன்றாம் திகதி மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்துக்காரர் அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியப்புறம் பேப்பர்க் கட்டோடு நிற்கும்போது வீதி முனையில் பச்சை நிறக் கவச வண்டியொன்று திரும்பியதைப் பார்த்து மொன்றியல் அண்ணை காரின் லைற்றை நிற்பாட்டினார். எதற்கு நிற்பாட்டினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய பெடியன்களின் கையில் சவள் இருந்தது. ஒருவன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான். காரின் சில்லு புதைந்து நின்றபோது அவர்கள்தான் வந்து தள்ளிவிட்டார்கள்.

அந்த இரண்டு கிழமையும் பூட்ஸின் உயரம் போதவில்லை. முழங்கால்வரை பனி என்றால் அது பூட்ஸின் வாயால் உள்ளே போகும், உள்ளே போய்க் காலின் சூட்டில் உருகும். வீட்டுக்கு வந்து கழற்றிக் கவிழ்த்தால் தண்ணீர் ஊற்றும். ட்ரையர் இரவும் பகலும் ஓடியது. ஒரு நாள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. கையில் பிள்ளைகளின் மூன்று சோடி பூட்ஸ். மேலே துவாரத்தில் காய்கிற வேகம் போதவில்லையாம். லேசை எப்படி மாட்டுவது என்று கேட்டார். மாட்டிக் காட்டினேன். போகும்போது திரும்பி நின்று, “இண்டைக்கு மட்டும்தான்” என்றார். எங்களுக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது. அடுத்த நாளும் வந்தார்.

யாழ்ப்பாணத்தில் சப்பாத்து என்றால் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்துத்தான். சனிக்கிழமை கழுவி, வெள்ளை பூசி, கிணற்றுக் கட்டில் சாய்த்து வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் காய்ந்துவிடும். கார்த்திகை மாரியில் மாத்திரம் அம்மா அதை அடுப்படிப் புகட்டில் தூக்கி வைப்பார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய காலும் விறகுப் புகை மணக்கும். வெயிலைக் காசு கொடுத்து வாங்கவேண்டி வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். கனடாவில் வெயில் இருக்கிற மாதங்களில்கூட வெளியே உடுப்புக் காயப்போடப் பல குடியிருப்புகளில் தடை இருந்தது. கொடி கட்டினால் தெருவின் அழகு கெட்டுவிடுமாம். ஒன்ராறியோ அரசாங்கம் 2008 இல்தான் அந்தத் தடைகளை நீக்கியது. இன்றைக்கும் எங்கள் தெருவில் கொடியில் உடுப்புத் தொங்குகிற வீடு என்றால் தமிழரோ இத்தாலியரோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிறகு வீடு வாங்கினோம், புது ட்ரையர் வாங்கினோம். அதோடு வெள்ளைக் கம்பித் தட்டொன்று வந்தது. பீப்பாவுக்குள் அதைக் கொளுவிவிட்டால் பீப்பா சுழலும், தட்டு அசையாது. சப்பாத்து வைக்கவென்றே செய்தது. மகளின் கால்பந்துச் சப்பாத்தை அதில் வைத்து, உடுப்புக்கு வைப்பது போல ‘ஓட்டோ’வில் விட்டேன். சில நிமிஷத்தில் முடிந்துவிட்டதென்று பாட்டுப் பாடியது. திறந்து பார்த்தால் சப்பாத்து சொட்டச் சொட்ட இருக்கிறது. புது மிசின்களுக்குள் இரண்டு உலோகக் கீலங்கள் உண்டு. ஈரத் துணி அவற்றில் உரசும்போது மின்சாரம் லேசாகக் கடக்கும்; அதை வைத்து இன்னும் காயவில்லை என்று மிசின் அறியும். தட்டில் இருக்கிற சப்பாத்து கீலத்தில் எங்கே முட்டப்போகிறது? ஒன்றும் முட்டவில்லை என்றால் எல்லாம் காய்ந்துவிட்டது என்று அது முடிவெடுக்கும். ஆகவே தட்டு வைத்தால் நேரத்தைக் கையால் வைக்க வேண்டும். எங்கள் பழைய மிசினுக்கு இந்த மூளை இருக்கவில்லை. டிக் டிக்கென்று குமிழ் சைபருக்கு வரும்வரை சொன்னதைச் செய்யும்.

சில வருஷத்துக்கு முன் மனைவி பூட்ஸ் காயவைக்கவென்றே ஒரு சாமானை வாங்கி வந்தார். சின்னப் பெட்டி, அதிலிருந்து நாலு குழாய் மேலே நிமிர்ந்து நிற்கும். பூட்ஸைக் குழாயில் தலைகீழாகக் கொளுவ வேண்டும். இளஞ்சூட்டுக் காற்று அடியிலிருந்து பெருவிரல் மூலைவரை போய்த் திரும்பும். பழைய லைற் பல்பு ஒன்று எடுக்கிற அளவு மின்சாரம்தான் எடுக்கும். சத்தமில்லை. தோல் வெடிக்காது, பசை விடாது. மொன்றியல் அண்ணை வாயால் சொன்ன பாடத்தை யாரோ பிளாஸ்டிக்கில் வார்த்து வைத்திருக்கிறார்கள். ஒரே குறை, இரவு முழுக்க எடுக்கும்.

அண்ணை இப்போது ஏஜாக்ஸில் மகளோடு இருக்கிறார். பென்ஷன். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நாளில் அவருக்கு வேறு அலுவல் கிடையாது. போன மாரியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லோண்ட்ரி அறையிலிருந்து ட்ரையர் ஓடுகிற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கதவின் மேல் விளிம்பில் லேஸ் முடிச்சு. எங்கள் வீட்டுச் சாமானைப் பற்றிச் சொன்னேன், ஒன்று வாங்கித் தரட்டோ என்றும் கேட்டேன்.

“எவ்வளவு நேரம் எடுக்குமடா?”

“எட்டு மணித்தியாலம் வரும் அண்ணை.”

“எட்டு மணித்தியாலமோ!” என்றார். “வேலைக்குப் போறவன் எப்ப போட்டுக்கொண்டு போறது?”